மூச்சு எங்கே செலவாகிறது?

அனைவருக்கும் வணக்கம். பாட்டு கற்கிற பிள்ளைகளும் அவர்களைக் கூட்டி வந்திருக்கும் பெற்றோரும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் ராக லட்சணம் பக்கம் இன்று போகப்போவதில்லை. மூச்சைப் பற்றி மட்டும் பேசலாம்.

எந்தப் பாட்டு வகுப்பிலும் கேட்கிற புகார், "தம் போதவில்லை" என்பது. அதற்குப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும் பரிகாரம், இன்னும் நிறையக் காற்றை உள்ளே இழுப்பது. தோள் இரண்டும் காதுவரை ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், பாட்டு அதே இடத்தில்தான் அறுந்துபோகும். என் கணிப்பில் கோளாறு பெரும்பாலும் செலவில்தான் இருக்கிறது. வரவில் அவ்வளவாக இல்லை.

கணக்கைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு நாம் எடுப்பது சுமார் அரை லிட்டர் காற்று. முழுக்க இழுத்து முழுக்க விட்டால், வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 லிட்டர் வரை வரும். எவ்வளவு ஊதித் தள்ளினாலும் ஒரு லிட்டருக்கு மேல் நுரையீரலிலேயே தங்கிவிடும். ஒரு சங்கதி (ஒரு பாட்டு வரியைப் பாடும் ஒரு விதம்) பாட, வெளியே வரும் அந்தக் காற்றே தாராளம். அப்புறம் ஏன் முட்டுகிறது?

இங்கேதான் வேடிக்கை. பல நேரம் காற்று தீர்ந்துபோனதால் முட்டுவதில்லை, காற்று மிஞ்சியிருப்பதால் முட்டுகிறது. மூச்சு எடுக்கச் சொல்லி உடம்பு அவசரப்படுத்துவதற்கு முக்கியக் காரணம் ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. பிராணவாயு குறைவது அதற்குப் பின்னால்தான். கல்பனா ஸ்வரம் (அந்த நேரத்திலேயே கற்பனையாகக் கோர்க்கும் ஸ்வரங்கள்) பாடும் பிள்ளையைக் கவனியுங்கள். நாலு ஸ்வரம் பாடும், 'ஹக்' என்று ஒரு இழுப்பு. இன்னும் நாலு ஸ்வரம், இன்னொரு இழுப்பு. பாடியதற்குச் செலவானது கொஞ்சம், உள்ளே போனது நிறைய. பழைய காற்று வெளியேறாமல் அதன் மேலேயே புதியது ஏறி உட்காருகிறது. மூன்று ஆவர்த்தனத்தில் (தாளத்தின் மூன்று முழுச் சுற்றில்) நெஞ்சு நிரம்பித் திணறுகிறது, முகம் சிவக்கிறது, பிள்ளை "தம் இல்லை" என்கிறது! அதனிடம் 'நன்றாக இழு' என்று சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும். முதலில் மிச்சத்தை விடச் சொல்லுங்கள். விட்டால், அடுத்த மூச்சு தானாக உள்ளே வரும். சின்னக் கோர்வைக்குச் சின்ன மூச்சு போதும் என்பதையும் அதோடு பழக்கிவிடுங்கள்.

இன்னொரு ஓட்டை, அகாரம், அதாவது சொல்லில்லாமல் 'ஆ' என்றே பாடுவது. உள்ளங்கையை வாய்க்கு நேராக நாலு விரல் தள்ளி வைத்துக்கொண்டு மத்திய ஸ்தாயி பஞ்சமத்தில் (நடு உயரத்தில் வரும் 'ப' ஸ்வரத்தில்) 'ஆ' என்று நில்லுங்கள். தொடக்கத்திலேயே சூடான காற்று குப்பென்று கையில் பட்டால் நீங்கள் பாடியது 'ஆ' அல்ல, 'ஹா'. குரல்நாண்கள் கூடுவதற்கு முன்பே காற்று கிளம்பிவிட்டது. அதில் நாதம் கிடையாது, வெறும் நஷ்டம். நாண்கள் மென்மையாகக் கூடுகிற அதே நொடியில் காற்றும் தொட்டால் கையில் ஏதும் தெரியாது, ஆனால் கார்வை, அதாவது ஒரே ஸ்வரத்தில் நிற்கும் நேரம், நீளும். பிருகாவிலும் (வேகமாக உருளும் ஸ்வரக் கூட்டத்திலும்) ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் 'ஹ ஹ' என்று தட்டுகிறவர்களுக்குப் பாதித் தூரத்திலேயே காற்று காலி. (சம்ஸ்கிருத, தெலுங்கு சாகித்தியங்களில், அதாவது பாடல் வரிகளில், வர்க்கத்தின் இரண்டாம், நான்காம் எழுத்துகள், அதாவது kha, gha போல மூச்சோடு ஒலிப்பவை, வந்தால் மூச்சு கூடுதலாகத்தான் போகும். அதற்காக அந்த எழுத்துகளை மழுப்பச் சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, 'வயிற்றிலிருந்து பாடு' என்கிறார்களே, அது என்ன? வயிற்றுக்குள் காற்று போவதில்லை. நுரையீரலுக்கு அடியில் இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கும்போது வயிற்றில் இருப்பவை முன்னே தள்ளப்படுகின்றன, அவ்வளவுதான். தியாகராஜர் ஜகன்மோகினி ராகத்தில் அமைந்த 'சோபில்லு சப்தஸ்வர' கீர்த்தனையில் ஸ்வரங்கள் விளங்கும் இடங்களைச் சொல்லும்போது நாபியில் தொடங்கி இருதயம், கண்டம், நாக்கு, மூக்கு என்று வரிசைப்படுத்துகிறார். பாடுகிற உடம்பின் அனுபவம் அப்படித்தான் இருக்கும். இரண்டு கையையும் கடைசி விலா எலும்புகளின் மேல் பக்கவாட்டில் வையுங்கள். மூச்சு எடுக்கும்போது அவை விரிய வேண்டும், தோள் அசையக்கூடாது. பாடத் தொடங்கியதும் விலா உடனே சரிந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வர வேண்டும். சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் இருக்கும் கைப்பேசியில் சாகித்தியத்தைப் பார்த்துக் குனிந்தபடி பாடினால் இது எதுவும் நடக்காது. வயிறு மடங்கிக் கிடக்கும்போது உதரவிதானம் எங்கே இறங்கும்? போனை நிமிர்த்தி எதிரே வையுங்கள்.

பயிற்சி என்று தனியாக எதையும் தேட வேண்டியதில்லை. முதல் சரளி வரிசை (ஸ ரி க ம ப த நி ஸ என்று ஏறி இறங்கும் ஆரம்பப் பாடம்), ஆதி தாளம், முதல் காலம்: ஏறுவதற்கு ஒரு ஆவர்த்தனம், இறங்குவதற்கு ஒன்று, ஆக 16 அட்சரம் (தாள எண்ணிக்கை). ஒரு அட்சரத்துக்கு ஒரு நொடி என்றால் 16 நொடி. ஒரே மூச்சில், அகாரத்தில், கடைசி ஸட்ஜமும் முதல் ஸட்ஜத்தின் கனத்தோடு நிற்க வேண்டும். கடைசி இரண்டு ஸ்வரத்தில் நெஞ்சைப் பிழிந்து முடித்தால் அது கணக்கில் சேராது. முடியாவிட்டால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், சுலபமான பிறகு மெல்லக் குறையுங்கள். பிராணாயாமம் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் மூச்சை அடைத்து வைப்பது வேறு திறமை, நூல் பிடித்தாற்போல விடுவது வேறு திறமை. கும்பகத்தில் (மூச்சை அடைத்து வைப்பதில்) கெட்டிக்காரர் கார்வையில் தடுமாறுவதுண்டு.

எங்கே எடுப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. பாடம் எழுதும்போதே மூச்சுக்கு ஒரு சின்னக் கோடு போட்டுவிடுங்கள், பென்சிலால். 'தாம' என்று நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு 'ரைக்கண்ணா' என்று தொடர்ந்தால், தாமரையும் இல்லை, கண்ணனும் இல்லை. சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் இந்தக் கவலை குறைவு. நீங்கள் ஒரு பிடியை (ராகத்தின் ஒரு சிறு துண்டை) முடித்ததும் வயலின் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். அந்த நிழலில் ஆற அமர எடுக்கலாம். அப்படியிருந்தும் சிலர் வயலின்காரருக்கு இடமே கொடுக்காமல் அடுத்த பிடிக்குப் பாய்கிறார்கள். இரண்டு பேருக்கும் நஷ்டம்.

மைக் பரவாத காலத்து நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா போன்றவர்கள் உச்ச ஸ்தாயியில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடினார்கள். இன்று அந்த வலு தேவையில்லை. அதற்குப் பதிலாக மைக் உங்கள் இழுப்புச் சத்தத்தைக் காட்டிக்கொடுக்கிறது. நேரம் இருக்கிற இடத்தில் மூக்கால் எடுங்கள். அவசரத்தில் வாயாலும் எடுக்கலாம், தொண்டை திறந்திருந்தால் சத்தம் வராது.

பெற்றோருக்கு ஒன்று. எட்டு வயதுப் பிள்ளையின் நுரையீரல் சிறியது. யார் அதிக நேரம் கார்வை பிடிக்கிறார்கள் என்று வீட்டில் போட்டி வைக்காதீர்கள். பிள்ளை தொண்டையை இறுக்கித்தான் ஜெயிக்கும். மறுகோடியில், எழுபது வயதுக்கு மேல் விலாக்கூடு இறுகி, கொள்ளளவு குறைகிறது. அந்த வயதிலும் கச்சேரி செய்கிற வித்வான்களை அருகில் உட்கார்ந்து கேளுங்கள். பிடிகளை நறுக்கியிருப்பார்கள், தம்புராவைப் பேசவிட்டு இடைவெளி விடுவார்கள். மூச்சு எங்கே வாங்கினார்கள் என்று கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள்.