எட்டு ஊர், ஒரே ஊராட்சி

வணக்கம் நேயர்களே. பெல்ஜியம் என்றால் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது சாக்லேட்டும் வைரமும்தான். நான் பேசப்போவது அங்குள்ள ஊராட்சிகளைப் பற்றி. சலிப்பான விஷயம் மாதிரி இருக்கும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

2,359 ஊராட்சிகள் இருந்த நாடு அது. 1977 ஜனவரி 1-ம் தேதி அவற்றை 596 ஆகச் சுருக்கிவிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் பிரான்ஸ் எல்லையை ஒட்டி, டச்சு மொழி பேசும் ஃபிளாண்டர்ஸ் பகுதியின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தில் இருக்கிற ஹூவல்லாண்ட். கெம்மெல், லோக்கர், டிரானவுட்டர், வைட்ஸ்காத், வெஸ்ட்டவுட்டர், வுல்வர்ஹெம், நியூகெர்க்கெ, டெ க்லைட்டெ என்று எட்டு ஊர்கள். மொத்தமே எட்டாயிரம் பேர் அளவுதான். இதில் டெ க்லைட்டெ கதை பாகப்பிரிவினை மாதிரி: அது ரெனிங்கெல்ஸ்ட் ஊராட்சியில் ஒரு பகுதியாக இருந்தது, ரெனிங்கெல்ஸ்ட் பக்கத்து நகரமான பொப்பரிங்கவோடு போய்விட, இது மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

சரி, பெயர்? எட்டில் எந்த ஊரின் பெயரையும் வைக்காமல், அங்கிருக்கும் குன்றுகளை வைத்தே பெயர் சூட்டிவிட்டார்கள்; ஹூவல்லாண்ட் என்றால் குன்று நிலம். என்னைக் கேட்டால் கெட்டிக்காரத்தனம், வம்பே இல்லை பாருங்கள். அலுவலகம் மட்டும் கெம்மெலில். அங்குள்ள கெம்மெல்பெர்க் குன்று 156 மீட்டர்தான், ஆனால் கல் பாவிய அந்தச் செங்குத்துப் பாதையில் ஏறும்போது கென்ட்-வெவெல்ஹெம் பந்தயத்தின் சைக்கிள் வீரர்களுக்கே மூச்சு வாங்கும். முதல் உலகப் போரில், 1918 ஏப்ரலில் ஜெர்மானியப் படை பிடித்ததும் இந்தக் குன்றைத்தான். அடிவாரத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் ஒரே கல்லறையில் கிடக்கிறார்கள், பெரும்பாலானவர்களின் பெயர்கூடத் தெரியாது.

1977-ல் நடந்த அந்த இணைப்பு மேலிருந்து வந்த உத்தரவு. 2019-லும் 2025-லும் ஃபிளாண்டர்ஸில் மறுபடி இணைந்த ஊராட்சிகள் தாமாகவே முன்வந்தவை. இணையும் ஊராட்சிகளின் கடனில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்ளும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது!

ஆனால் இத்தனை வருடம் கழித்தும் ஹூவல்லாண்டில் ஒருவருக்குக் கடிதம் போட்டால், உறையில் ஊர்ப் பெயரை எழுதுகிற வழக்கம் இருக்கிறது. டிரானவுட்டருக்கு 8951, வைட்ஸ்காத்துக்கு 8953 என்று பெரும்பாலான ஊர்களுக்குத் தபால் எண்ணும் தனித்தனி. கெம்மெல் 8956, லோக்கர் 8958. நடுவிலுள்ள 8957 பக்கத்து ஊரான மேசனுக்கு. சுமார் ஆயிரம் பேரே வாழும் அந்த ஊர் யாரோடும் சேரவில்லை. பிரெஞ்சு பேசுவோருக்கான மொழிச் சலுகை இருந்ததால் அதை விட்டுவைத்தார்கள் என்பார்கள். மக்கள்தொகையில் நாட்டிலேயே மிகச் சிறிய நகரம் என்ற பட்டத்தோடு, தனக்கென ஒரு மேயரையும் வைத்துக்கொண்டு இன்னும் தனியாகவே இருக்கிறது.