கஜா பறித்ததும் கொரோனா பறித்ததும்

நடுவர் ஐயா அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மே 5ஆம் தேதி பொதுத்தேர்வு எழுதப் போகிற என் பன்னிரண்டாம் வகுப்புத் தோழர்களே, தோழிகளே, எங்களை வழியனுப்ப வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

"நம்மை ஆளாக்கியது வகுப்பறையின் உள்ளேயா, வெளியேயா?" இதுதான் இன்றைய கேள்வி. உள்ளேதான் என்று எதிரணியில் மூன்று பேர் பேசிவிட்டார்கள். வெளியேதான் என்று சொல்ல வந்திருக்கிறேன், எங்கள் அணியின் கடைசிப் பேச்சாளராக.

எதிரணித் தலைவி ஒரு கேள்வி கேட்டாள். "புங்கமரத்தடியில் உட்கார்ந்து பேசியதற்கு யாராவது மார்க் போடுவார்களா?" நீங்களெல்லாம் கை தட்டினீர்கள். சரி, மார்க்கிலிருந்தே தொடங்குகிறேன்.

நமக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு 2020 மார்ச் 27 அன்று தொடங்க வேண்டியது. ஊரடங்கு வந்தது, தள்ளிப் போனது. ஜூன் 1 என்றார்கள். அப்புறம் ஜூன் 15 என்றார்கள். ஜூன் 9ஆம் தேதி, தேர்வே கிடையாது, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து எண்பது சதவீதம், வருகைப் பதிவுக்கு இருபது சதவீதம். பதினொன்றாம் வகுப்பில் அதுவும் இல்லை. 2021 பிப்ரவரி 25 அன்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது, மறுபடியும் எல்லோரும் தேர்ச்சி. ஆக, நாம் முதல்முதலாக எழுதப் போகிற பொதுத்தேர்வு இனிமேல்தான் வரப்போகிறது. ஆனாலும் இந்த நான்கு வருடத்தில் நாம் ஆளாகியிருக்கிறோம். எந்த வினாத்தாளும் கொடுக்காத எதுவோ ஒன்று நம்மை வளர்த்திருக்கிறது. அது எங்கே கிடைத்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

நடுவர் அவர்களே, வேறு எந்த பேட்ச் இந்தத் தலைப்பில் பேசினாலும் ஊகித்துத்தான் பேச முடியும். உள்ளும் வெளியும் அவர்களுக்கு ஒன்றாகவே கலந்து கிடைத்தன. எது எதைச் செய்தது என்று அவர்கள் எப்படிப் பிரித்துச் சொல்வார்கள்? நமக்கு இரண்டும் தனித்தனியாகப் பறிபோயின. கஜா புயல் வகுப்பறையைப் பறித்தது, வெளியை விட்டுவைத்தது. கொரோனா வெளியைப் பறித்தது, பாடத்தை விட்டுவைத்தது. இரண்டு காலத்திலும் நாம் எப்படி இருந்தோம் என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

2018 நவம்பர் 16. நாம் ஒன்பதாம் வகுப்பு. விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, பொழுது விடிவதற்குள் நம் பேராவூரணிப் பக்கத்தையும் ஒரு வழி பண்ணிவிட்டது. தென்னை இல்லாத வீடு நம் ஊரில் உண்டா? ஒரு தென்னம்பிள்ளை வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும். ஒரே ராத்திரியில் தோப்புத் தோப்பாகப் படுத்துக் கிடந்தது. நம்மில் பல பேர் அப்பா அழுது பார்த்தது அன்றைக்குத்தான்.

பள்ளியில் இருந்த பெரிய வேப்பமரம் ஒன்பது பி வகுப்பின் கூரைமேல் விழுந்து கிடந்தது. மற்ற வகுப்பறைகளில் வீடு இழந்த குடும்பங்கள் வந்து தங்கினார்கள். கரும்பலகைக்குக் கீழே கைக்குழந்தைகள் தூங்கின. உள்ளே நமக்கு இடமே இல்லை. இருந்தும் நாம் தினமும் வந்தோம், ஞாபகம் இருக்கிறதா? யூனிஃபார்ம் இல்லாமல், கிடைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தோம். கிளைகளை இழுத்துப் போட்டோம். தண்ணீர் லாரி வந்தால் வரிசை பிடித்தோம். அண்டாவில் வந்த சாம்பார் சாதத்தை முதலில் கிழவிகளுக்கு வைத்தோம்.

நம் வகுப்பில் ஒருவன். கணக்கில் முப்பத்தைந்து வாங்கவே திணறுவான். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் வாசலில் ஜெனரேட்டர் வைத்து ஊர்க்காரர்களின் போனுக்கெல்லாம் சார்ஜ் போட்டார்கள். யார் போன், என்ன வரிசை எண், எப்போது கொடுத்தார்கள், எப்போது திருப்பி வாங்கினார்கள் என்று அவன்தான் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தான். ஒரு போன்கூட மாறிப் போகவில்லை. கணக்கு ஆசிரியர் அந்த நோட்டைக் கையில் வாங்கி நெடுநேரம் புரட்டிப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் அவனை ஒருநாளும் பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்தவில்லை. மூன்று வருடமாக வகுப்பறைக்குள் இருந்தவனை, வெளியே வந்த ஒரு வாரத்தில்தான் நாம் எல்லோரும் கண்டுகொண்டோம்.

புத்தகம் நனைந்து போனவர்களுக்காக நோட்ஸ் எழுதினோமே, ஆளுக்கு ஒரு பாடம் என்று பிரித்துக்கொண்டு? எனக்கு வந்தது சமூக அறிவியல். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன். அடுத்தவள் படித்தால் புரிய வேண்டுமே என்று எழுதியதால், முதல் முறையாக எனக்கும் அந்தப் பாடம் புரிந்தது.

அடுத்து வந்தது இதற்கு நேர் எதிர்.

ஊரடங்கில் பாடம் நிற்கவில்லை. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட்டிலேயே தொடங்கிவிட்டது என்றாலும், நாம் அதன் முன்னால் உட்கார்ந்தது 2020இல்தான். அந்தப் பாடங்களில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அங்கே வந்த ஆசிரியர்கள் நன்றாகவே நடத்தினார்கள். நம் ஆசிரியர்களும் வாட்ஸாப்பில் வீடியோ அனுப்பினார்கள், கையால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் வீட்டுப் போன் நம் கைக்கு வரும். அப்படியும் பார்த்தோம், எழுதினோம். எதிரணி எதையெல்லாம் ‘உள்ளே’ என்று சொல்கிறதோ அதெல்லாம் வீடு தேடி வந்தது.

அப்படியிருந்தும் அந்த ஒன்றரை வருடத்தில் நாம் வளர்ந்தோமா? என் பக்கத்து வீட்டுத் தோழி, வகுப்பில் பேசுபவர்கள் பட்டியலில் எப்போதும் முதல் பெயராக இருப்பவள், போனில்கூடப் பேசுவதை விட்டுவிட்டாள். என் தம்பி என்னைக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தேன். "பாடம்தான் நடக்கிறதே, உனக்கு என்ன குறை?" என்று அம்மா கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தது, தண்ணீர்க் குழாயடி, கேட்டுக்கு வெளியே பாட்டி கூடையில் மிளகாய்ப்பொடி தூவி விற்கும் மாங்காய், சைக்கிள் ஸ்டாண்டில் சாவியைத் தேடுகிற சாக்கில் பேசிய பத்து நிமிடம், இதெல்லாம் இல்லாத பாடம் எனக்குள் ஒட்டவே இல்லை.

இனி நான் சொல்லப் போவதை யோசித்துத்தான் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். நம்மோடு பத்தாம் வகுப்பு வரை படித்த ஒருத்தி. எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் உட்காருவாள். அழகாகக் கோலம் போடுவாள், பொங்கல் விழாவுக்கு அவள் கோலம்தான். பள்ளி மூடியிருந்த நேரத்தில் அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அப்போது அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை. நமக்குத் தெரிந்தபோது மூன்று மாதம் ஆகியிருந்தது.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்று நம் பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. வகுப்பிலும் சொல்லிக் கொடுத்தார்கள். நம் எல்லோருக்கும் அந்த எண் மனப்பாடம். தெரிந்து என்ன பயன், அவளுக்கு நடக்கப் போவது நமக்குத் தெரியவில்லையே! பள்ளி நடந்திருந்தால் குழாயடியில் அவள் முகம் வாடியிருப்பதை யாராவது பார்த்திருப்போம். "என்னடி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்போம். அந்தப் பேச்சு வகுப்பறைக்குள் நடக்கிற பேச்சு இல்லை, நடுவர் அவர்களே. பத்து நிமிட இடைவேளையில், ஆசிரியர் இல்லாத இடத்தில், ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் மட்டும் சொல்கிற பேச்சு. பாடம் டிவியில் வந்தது. அந்த இடைவேளை எந்தச் சேனலிலும் வரவில்லை. அவள் இன்று இந்த வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள்.

இன்னொருவன் இங்கேயே உட்கார்ந்திருக்கிறான், அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன். ஊரடங்கில் அவன் வீட்டில் வருமானம் நின்றுபோக, திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். 2021 செப்டம்பர் 1ஆம் தேதி பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக ‘ஆ’ விழுந்துகொண்டே இருந்தது. பழைய கபடி டீம் பையன்கள் நான்கு பேர்தான் தினமும் ராத்திரி அவனுக்குப் போன் போட்டார்கள். வகுப்பாசிரியர் வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு முறை அவன் அம்மாவைப் பார்க்கப் போனார். மூன்றாவது வாரம் அவன் வந்து நின்றான். அவனை வகுப்பறைக்கு உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்தது வெளியேதான்.

இங்கே எதிரணியின் இரண்டாவது பேச்சாளருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "ஆசிரியர் இல்லாமல் நீங்கள் யார்?" என்று கேட்டாய், தோழா. மனசாரச் சொல்கிறேன், ஆசிரியர் இல்லாமல் நாங்கள் யாருமில்லை. ஆனால் உன் ஆசிரியரை நீ மறக்க முடியாமல் வைத்திருப்பது எந்த இடத்தில்? எனக்கு, கஜா முடிந்த மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டா தூக்கிய தமிழ் ஐயாதான் நினைவுக்கு வருகிறார். 2022 ஜனவரியில் நமக்குப் பள்ளியில் தடுப்பூசி போட்டபோது, பயந்து அழுதவளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்ட வேதியியல் டீச்சர் நினைவுக்கு வருகிறார். சமன்பாடு சொல்லிக் கொடுத்ததும் அவர்தான், மறுக்கவில்லை. அந்தத் தோளுக்குப் பிறகு அவருடைய சமன்பாட்டைத் தப்பாக எழுத எனக்கு மனசு வரவில்லை.

"பெஞ்சும் வகுப்பறைக்குள்தானே இருக்கிறது, பெஞ்ச் நட்பு எப்படி வெளியே ஆகும்?" என்று மூன்றாவது பேச்சாளர் மடக்கப் பார்த்தார். பெஞ்ச் உள்ளேதான் இருக்கிறது. நாம் பதினொன்றாம் வகுப்பில் நேரில் சேர்ந்து உட்கார்ந்தது 2021 பிப்ரவரி 8 முதல் மார்ச் மூன்றாம் வாரம் வரை, வெறும் ஆறு வாரம். பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர்கள் பலர். எல்லோர் முகத்திலும் மாஸ்க். ஒரு வாரம் அதே பெஞ்சில், இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தும் பக்கத்தில் இருப்பவள் முகம் எனக்குத் தெரியாது. மதியம் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றியபோதுதான் முதல்முதலாகப் பார்த்தேன். கன்னத்தில் ஒரு குழி. எலுமிச்சை சாதம் கொண்டுவந்திருந்தாள். சாப்பாட்டைப் பங்கு போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் டப்பாவை அவளும் என் டப்பாவை நானும் வைத்துக்கொண்டு, யார் வீட்டில் என்ன குழம்பு என்று பேசிக்கொண்டே சாப்பிட்டோம். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் மரத்தடியில்தான் தோழியானாள்.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறேன், ஐயா. கஜாவில் வேப்பமரம் விழுந்த இடத்தில், அந்த டிசம்பரிலேயே பி.டி. சார் கொண்டுவந்த புங்கங்கன்றை நாம் நட்டோம். முழங்கால் உயரம் இருந்தது. ஆடு கடிக்காமல் இருக்கக் கருவேல முள் வெட்டிக் கட்டினோம். 2020இல் பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். கன்று காய்ந்துபோயிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பின்பக்கச் சுவரை ஒட்டி வீடு இருக்கிற நம் தோழன் ஒருவன், யாரிடமும் சொல்லாமல், சுவர்மேல் ஏறி டியூப் விட்டு, அந்தக் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். யாரும் அவனுக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை.

நடுவர் அவர்களே, வெயிலில் சூடாகிவிடும் என்று இன்று காலை உங்கள் ஸ்கூட்டரை அந்தப் புங்கமர நிழலில்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய் வண்டியை எடுக்கும்போது ஒரு நிமிடம் மேலே பாருங்கள். இந்த வருடம்தான் முதல்முறையாகப் பூத்திருக்கிறது.

நன்றி, வணக்கம்.