மழை பெய்தால் கரண்ட் செலவு ஏறுமா, இறங்குமா? ரியூனியன் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன்

வணக்கம் மக்களே. இன்றைக்கு அடுப்பும் கிடையாது, தோட்டமும் கிடையாது. லேப்டாப் மட்டும்தான். கொஞ்சம் கோபமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன், முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

விஷயம் இதுதான். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் வாழ்கிற ரியூனியனில், அதாவது இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவில், மாதாமாதம் பெய்த மழை நீலக் கம்பிகளாக நிற்கிறது. அதன்மேல் மின்சாரத் தேவை சிவப்புக் கோடாக ஓடுகிறது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் இரண்டும் உச்சியில். ஜூலை தொடங்கி இரண்டும் கீழே. அடியில் கொட்டை எழுத்தில், "மழை கூடினால் மின்சாரச் செலவும் கூடும்." சேன்-ஜிலில் இருக்கும் என் நாத்தனார் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, எங்கள் பில் ஏறுவது இதனால்தானா?" என்று கேட்கிறாள். சேன்-ஜிலில் மழையே அபூர்வம்! தீவின் மேற்குக் கரை அது, மலைக்கு மறைவு. நான் இருக்கிற சேந்தாந்த்ரே கிழக்குப் பக்கம், காற்று மோதுகிற பக்கம். இங்கே துணி காய்ந்தால்தான் அதிசயம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரட்டை அச்சு வரைபடம் எனக்கு அறவே பிடிக்காது. இடது பக்கம் மில்லிமீட்டர், வலது பக்கம் மெகாவாட். அளவுகோலைக் கொஞ்சம் இழுத்தால் எந்த இரண்டு கோட்டையும் ஒட்ட வைத்துவிடலாம். பழைய வீடியோக்களில் வட்ட வரைபடத்தை நான் திட்டியது நினைவிருக்கும். அதைவிட மோசம் இது. எனக்குப் பிடித்தது புள்ளி வரைபடம்தான். ஒரு நாளுக்கு ஒரு புள்ளி. குறுக்கே மழை, நெடுக்கே மின்தேவை. அதில் எதையும் ஒளித்துவைக்க முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் இருந்து பார்க்கிறவர்கள் யோசித்துப் பாருங்கள். நம்மூரில் வெயில் காலம் வேறு, மழைக்காலம் வேறு. கத்திரி வெயிலில் ஏசி ஓடும். ஐப்பசி அடைமழையில் யார் ஏசி போடுகிறார்கள்? போர்வையைத் தேடுவோம். ரியூனியனில் அப்படியில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறோம். கோடையும் மழைக்காலமும் புயல்காலமும் மூன்றும் ஒரே நேரத்தில், டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்குள், ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும். ஏசி ஓடுவது புழுக்கத்தால். மழை வருவதும் அதே புழுக்கக் காலத்தில். மாதக் கணக்கில் பார்த்தால் இரண்டும் கைகோத்து நடக்கிற மாதிரித்தான் தெரியும். இரண்டையும் இழுத்துக்கொண்டு போவது கோடை.

இதை வாயால் சொன்னால் போதாது, போட்டுக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். இதில் ஒரு பெரிய சந்தோஷம். பிரான்சின் வானிலைத் துறையான மெத்தியோ-பிரான்ஸ் வைத்திருக்கிற மழைப் பதிவுகள் 2024 ஜனவரி முதல் எல்லோருக்கும் இலவசம். ஒரு சென்ட் கிடையாது! எந்த நிலையம் வேண்டுமோ அதன் பழைய பதிவுகளை வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். மின்சாரத்துக்கு, இங்கே கரண்ட் கொடுக்கிற நிறுவனமான இ.டி.எஃப். ரியூனியன் நடத்துகிற திறந்த தரவுத் தளம் இருக்கிறது. எந்த வகை ஆலை எந்த மணிக்கு எவ்வளவு கொடுத்தது என்பது அதில் கிடைக்கும். நம் தீவுக்கு வெளியிலிருந்து ஒரு கம்பிகூட வராது என்பதால் உற்பத்தியைக் கூட்டினாலே தேவை வந்துவிடும், கம்பியில் வீணாவதையும் சேர்த்து. இரண்டையும் இறக்கி பைத்தான் நிரல்மொழியில், அட்டவணைகளைக் கையாள்கிற பாண்டாஸ் என்ற கருவியை வைத்து ஒட்டினேன். கணக்குப் பாடத்தில் பயம் உள்ளவர்கள் எழுந்து போகாதீர்கள். தேதியைத் தேதியோடு பொருத்துவதுதான் முக்கால்வாசி வேலை.

அந்த முக்கால்வாசி வேலையில்தான் என் உயிர் போனது. முதலாவது, மழையின் நாள் நள்ளிரவில் தொடங்காது. காலையில் மானியைப் பார்த்து, கடந்த இருபத்து நான்கு மணி நேரம் பெய்ததை முந்தின நாள் கணக்கில் எழுதுவார்கள். மெத்தியோ-பிரான்சின் பழக்கம் இது, எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் கொட்டிய மழை நேற்றைய தேதியில் நிற்கும். மின்சாரக் கணக்கோ நள்ளிரவிலிருந்து நள்ளிரவு. தினசரிக் கோப்பை அப்படியே ஒட்டினால் மழையும் கரண்டும் ஒன்றையொன்று தவறவிடும். அதனால் மணிவாரிக் கோப்பையே எடுத்து நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரையான நாள்களை நானே கட்டினேன்.

இரண்டாவது, காலிக் கட்டம். இதைப் பற்றி நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மழைமானி வேலை செய்யாத மணி நேரத்துக்கு மெத்தியோ-பிரான்ஸ் கோப்பில் கட்டம் காலியாக இருக்கிறது. அதுதான் சரியான முறை, அவர்களைப் பாராட்ட வேண்டும். "எங்களுக்குத் தெரியாது" என்று நேர்மையாகச் சொல்கிறார்கள். ஆனால் நான் கோப்பைத் திறந்து பார்த்த ஒரு விரிதாள் செயலி (பெயர் வேண்டாம்) மணிகளைக் கூட்டும்போது காலியைப் பூஜ்ஜியமாகவே எடுத்துக்கொண்டது. ஒரு எச்சரிக்கை கிடையாது, ஒரு சிவப்புக் கோடு கிடையாது. மழைமானி எப்போது பழுதாகும்? பேய்மழையிலும் புயலிலும்தானே! தீவே வெள்ளத்தில் மிதந்த நாள் "மழை இல்லை" என்று போய் உட்காரும். அந்த ஒரு நாளே முழு வரைபடத்தையும் சாய்த்துவிடும். பாண்டாஸும் கூட்டலில் காலியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். குறைந்தது இத்தனை மணிக்குப் பதிவு இருந்தால்தான் கூட்டு என்று நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். இதோ திரையில் பாருங்கள், இந்த வரிசை. மேலே மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகிறது, பிறகு வெறும் காலி, காலி, காலி. பிறகு மறுநாள் மெதுவாக ஆரம்பிக்கிறது. இந்தக் காலியைப் பூஜ்ஜியம் என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரியும்.

சரி. எந்த ஊர் மழையை எடுப்பது? உலகச் சாதனைகள் நம் தீவில்தான் இருக்கின்றன. ஃபோக்-ஃபோக்கில் 1966 ஜனவரியில் தெனீஸ் புயலின்போது 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர். சென்னைக்கு ஒரு வருடம் முழுவதும் பெய்வது சுமார் 1,400. கொமெர்சோன் எரிமலை வாயில் 2007 பிப்ரவரியில் கமேத் புயலில் மூன்று நாளில் 3,929. ஆனால் அங்கெல்லாம் யார் குடியிருக்கிறார்கள்? கடல்மட்டத்துக்கு 2,300 மீட்டர் உயரத்தில் எரிமலைச் சரிவு. ஒரு ஏசி கிடையாது, ஒரு பல்பு கிடையாது. மின்தேவைக்கு அந்த மழை எதற்கு? ஜனங்கள் இருக்கிற இடத்து மழைதான் வேண்டும். சேன்-தெனி, சேன்-போல், சேன்-பியேர், சேந்தாந்த்ரே என்று கரையோர நிலையங்களை எடுத்து, ஊருக்கு எத்தனை பேரோ அந்த எடையில் கூட்டினேன். தீவு முழுவதற்கும் ஒரே சராசரி என்று யாராவது போட்டால் நம்பாதீர்கள். கிழக்கும் மேற்கும் இரண்டு நாடுகள்.

இப்போது சுவாரசியமான இடம். மாதக் கணக்கில் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் சேர்ந்து ஏறினால் கூட்டல், ஒன்று ஏற மற்றது இறங்கினால் கழித்தல்) கூட்டல் குறியோடு வருகிறது, அந்த வாட்ஸ்அப் படம் சொன்ன மாதிரியே. அதே தரவு, அதே நிலையங்கள். பிப்ரவரியை மட்டும் தனியாக எடுத்து, அதிலும் ஞாயிறும் விடுமுறையும் நீக்கி, நாளுக்கு நாள் போட்டேன். பாருங்கள் இந்தக் குறியை. கழித்தல்! நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன், சத்தியமாக. மாமியார் உள்ளேயிருந்து ஓடி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். "கழித்தல் வந்துவிட்டது அத்தை" என்றேன். அவரும் சரி என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மார்ச்சைப் போட்டேன், கழித்தல். ஜனவரி, கழித்தல். ஒரே கோடைக்குள் மழை கொட்டுகிற நாளில் காற்று குளிர்கிறது, ஏசி நிற்கிறது, தேவை இறங்குகிறது. மாதம் ஒன்று சொல்கிறது, நாள் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. கணக்கு இரண்டிலும் சரிதான், கேட்ட கேள்விதான் வேறு.

அதோடு விடவில்லை. வெப்பநிலையையும் சேர்த்தேன். ஏறக்குறைய ஒரே சூடுள்ள நாள்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்குள்ளும் மழை நாளையும் காய்ந்த நாளையும் பக்கத்தில் வைத்தேன். வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோய்விட்டது. அப்படியென்றால் மழை நேராக மீட்டரைத் தொடவில்லை. மழை சூட்டைக் குறைக்கிறது, சூடு குறைந்ததும் மீட்டர் இறங்குகிறது. நாத்தனாருக்கு இதைத்தான் அனுப்பினேன். உன் பில் ஏறுவது மழையால் இல்லை கண்ணு, பிப்ரவரி ராத்திரியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசி போடுகிறாயே, அதனால்.

அடடா, ஒன்றைச் சொல்லாமலே தாண்டிவிட்டேன். விடுமுறையை நீக்கினேன் என்றேன் இல்லையா? பைத்தானில் பிரான்சின் விடுமுறைப் பட்டியலை அப்படியே எடுத்தால் டிசம்பர் 20 அதில் இருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1848இல் இங்கே அடிமைத்தனம் ஒழிந்த நாள், நமக்கு மட்டும் விடுமுறை. பாரிஸ்காரர்கள் அன்றைக்கு வேலைக்குப் போவார்கள், நாம் இந்தத் தீவின் மலோயா ஆட்டம் ஆடுவோம். கோடை நடுவில் வருகிற விடுமுறை, அன்று தேவை விழுந்தால் மழைமேல் பழி போய்விடும். கையால் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் புயல் நாள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2024 ஜனவரி 15இல் பெலால் வந்தது, 2025 பிப்ரவரி 28இல் கரான்ஸ் வந்தது. அந்த இரண்டு நாளும் வரைபடத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி இருக்கும். மழை உச்சியில், மின்சாரம் தரையில். கணினிக்கு ரொம்ப சந்தோஷம், "பார்த்தாயா, பெருமழையில் தேவை குறைகிறது" என்று கோட்டை இன்னும் சாய்க்கும். தேவை எங்கே குறைந்தது? கம்பி அறுந்தது! கரான்ஸில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருட்டில் இருந்தன. ஃப்ரிட்ஜில் இருந்த மீன் கெட்டுப்போன வீட்டில் கரண்ட் வேண்டாம் என்று யாராவது இருந்தார்களா? மீட்டர் ஓடாததைத் தேவை இல்லாததாக எழுதினால் அது ஜனங்களைக் கணக்கிலிருந்தே அழிப்பது. நான் அந்த நாள்களையும், லைன்மேன்கள் மரத்தை வெட்டிக் கம்பி இழுத்து முடித்த அடுத்த நாள்களையும் தனி நிறத்தில் குறித்து, கோடு போடும்போது வெளியே எடுத்துவிட்டேன். அழிக்கவில்லை, வெளியே எடுத்தேன். அவை வேறு கேள்விக்கான பதில்.

மழைக்கும் மின்சாரத்துக்கும் உண்மையான, நேரான உறவு வேண்டுமென்றால் தேவைப் பக்கம் தேடாதீர்கள், உற்பத்திப் பக்கம் தேடுங்கள். சேந்த்-ரோஸ் பக்கம் ரிவியேர் தெ லெஸ்த், நம் தீவின் மிகப் பெரிய நீர்மின் நிலையம். சேன்-பெனுவாவுக்கு மேலே தக்கமக்கா. இங்கே கரையோர மழை உதவாது, மலைச் சரிவு மழைதான் எடுக்க வேண்டும். அன்றைக்கே பார்த்தாலும் பாதிதான் தெரியும். மண்ணில் ஊறி, ஓடையில் இறங்கி வருகிற தண்ணீர் பிறகும் பல நாள் டர்பைனைச் சுற்றும். மழை வரிசையை ஒரு நாள், இரண்டு நாள் என்று பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தால் அந்த வால் அழகாகத் தெரிகிறது. ரொம்பப் பெரிய வெள்ளத்தில் ஆறு கல்லும் சேறுமாக வரும், நீர் எடுக்கும் வாயை மூட வேண்டி வரும். அப்போது மழை உச்சி, நீர்மின்சாரம் அடி. இங்கே நேர்க்கோடு போட்டால் வேலைக்காகாது. ஏறி, தட்டையாகி, விழுகிற வளைவு.

இன்னொரு அழகும் கண்ணில் பட்டது. நீர்மின்சாரம் மெலிகிற வறண்ட மாதங்களில், ஜூலை முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டு. எங்கள் புவா-ரூழ் ஆலையிலும் சேன்-லூயி பக்கம் லெ கோல் ஆலையிலும் கரும்புச் சக்கை எரிந்து கரண்ட் ஆகிறது. நிலக்கரியை விட்டுவிட்டு, சக்கை இல்லாத மாதங்களில் கப்பலில் வருகிற மர உருண்டைகளை எரிக்கிறார்கள். அதனால் இந்த மழைக் கணக்கு பொழுதுபோக்கு வேலை இல்லை. அடுத்த வாரம் மலையில் எவ்வளவு பெய்யும் என்று சரியாகத் தெரிந்தால், எவ்வளவு மரமும் எவ்வளவு எண்ணெயும் எரிக்க வேண்டியதில்லை என்றும் தெரியும். சாயங்காலம் ஏழு மணி உச்சத்துக்குச் சோலார் இருக்காது, தண்ணீர் இருக்கும்.

நிரல் எழுதின கோப்பைக் கீழே போட்டிருக்கிறேன், எடுத்து ஓட்டிப் பாருங்கள். மொரீஷியஸில் இருப்பவர்கள் உங்கள் தீவுக்குச் செய்ய முடிந்தால் எனக்கு எழுதுங்கள், அங்கேயும் கோடையில்தான் மழை, இதே குழப்பம் நிச்சயம் வரும். சலாசியிலோ ப்ளேன் தெ பால்மிஸ்திலோ வீட்டு வாசலில் மழைமானி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் உங்கள் நோட்டுப் புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். பார்க்க முடியாத நாளில் கோடு போட்டு விடுங்கள், பூஜ்ஜியம் எழுதாதீர்கள். அடுத்த வீடியோவில் காற்றின் ஈரப்பதத்தைச் சேர்க்கிறேன், ராத்திரி ஏசிக்குச் சூட்டைவிட அதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.