மணியோசைக்குச் சல்யூட் அடித்த ஊர்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துப் பேசுவது வழக்கம். இந்த மாதம் எனக்கு வந்த சொல் மிலிட்டரிசம். பேசியதை அப்படியே எழுதியிருக்கிறேன், இருமலை மட்டும் வெட்டிவிட்டேன்.)

தலைவர் அவர்களே, எனக்குச் சால்வை போட்ட கையோடு ஒரு கல்யாணத்துக்கும் போயாக வேண்டிய பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே (முகூர்த்தம் தவறிவிடும், நீங்கள் கிளம்புங்கள் அம்மா), மைக் செட்டைக் காசு வாங்காமல் தந்த தம்பி அவர்களே, முன் வரிசையில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருக்கும் சுபேதார் ஐயா அவர்களே! ஐயா, தலைப்பைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லையில் நீங்கள் நின்றது மிலிட்டரி. அதில் எனக்கு மரியாதைதான். நான் பேச வந்தது அதன் வாலில் ஒட்டியிருக்கும் 'இசம்' பற்றி.

மூன்று விஷயம் சொல்கிறேன். சொல்லுக்கு என்ன பொருள், எங்கே போடலாம் எங்கே போடக்கூடாது, தமிழில் எப்படிச் சொல்வது.

லத்தீனில் 'மீலெஸ்' என்றால் படைவீரன். அதிலிருந்து மிலிட்டரி வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது மிலிட்டரிசம். படைபலம்தான் நாட்டுக்கு எல்லாம், படையின் வழக்கம்தான் எல்லாருக்கும் வழக்கம் என்று நினைக்கிற நினைப்பு அது. அந்த நினைப்பு நடைமுறைக்கு வந்தால் மிலிட்டரைசேஷன். இலங்கையில் போருக்குப் பிறகு காங்கேசன்துறையில் ராணுவமே கடற்கரை விடுதி நடத்தியதைப் பார்த்த ஈழத்து மக்களுக்கு 'இராணுவமயமாக்கல்' என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. மிலிட்டன்ட் வேறு சமாச்சாரம். சங்கத்துக்காரர் ஒருவரை மிலிட்டன்ட் என்று எழுதினால் விடாப்பிடியாகப் போராடுகிறவர் என்றுகூட அர்த்தமாகும், அவர் கையில் துப்பாக்கி இருக்க வேண்டுமென்பதில்லை. மிலிட்டரி ஹோட்டல் இந்தக் கணக்கிலேயே வராது, அங்கே மட்டன் சுக்கா கிடைக்கும்.

என் பாட்டி அடிக்கடி சொல்வது, யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. டாங்கி தெருவுக்கு வருவது பிறகுதான். அதற்கு முன்னால் தொப்பி வரும், விசில் வரும், 'யெஸ் சார்' வரும்.

இதற்கு ஒரு கதை இருக்கிறது, நிஜமாக நடந்தது. 1906 அக்டோபர் 16, பெர்லின். வில்ஹெல்ம் ஃபோய்க்ட் என்று ஒரு செருப்புத் தைக்கிறவர், வயது 57, வாழ்நாளில் பாதியைச் சிறையில் கழித்தவர். வெளியே வந்து பெர்லினில் ஒண்டலாமென்று பார்த்தால் போலீஸ் இருக்க விடவில்லை. மனிதர் என்ன செய்தார்? பழைய துணிக் கடைகளில் கோட்டு ஒரு இடம், தொப்பி ஒரு இடம் என்று பொறுக்கி, ஒரு கேப்டன் உடுப்பைச் சேர்த்துவிட்டார். மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். எதிரே வந்த சிப்பாய்களை நிறுத்தி, என் பின்னால் வாருங்கள் என்றார். வந்தார்கள்! யார் நீ, எந்த ரெஜிமென்ட், உத்தரவு எங்கே என்று ஒருத்தன் கேட்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்ததும் ரயிலேற்றிக் கோப்பெனிக் என்ற ஊருக்குக் கூட்டிப்போய் நகராட்சிக் கட்டடத்தை வளைத்தார். மேயரைக் கைது செய்தார். அந்த மேயரும் ரிசர்வ் படை அதிகாரிதான், உடுப்பைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். கஜானாவிலிருந்த 3,500 மார்க்குக்கு மேலான பணத்தை எண்ணி வாங்கி, அதற்கு ரசீதும் எழுதிக் கொடுத்துவிட்டு (நம் நகராட்சியில் ரசீது வாங்க எத்தனை நடை என்று உங்களுக்கே தெரியும்), அரை மணி நேரம் காவலில் நில்லுங்கள் என்று சிப்பாய்களிடம் சொல்லி, ஸ்டேஷனுக்கு நடந்து போய்விட்டார். பத்து நாளில் பிடித்தார்கள், நாலு வருஷம் சிறை. 1908இல் கைசரே, அதாவது ஜெர்மன் பேரரசரே, மன்னித்து விட்டார். இன்று அந்த நகராட்சி வாசலில் அவருக்குத்தான் சிலை, மேயருக்கு இல்லை.

யோசித்துப் பாருங்கள். யானையே வரவில்லை, மணியோசை மட்டும்தான் வந்தது. அதற்கே ஊர் சல்யூட் அடித்தது. மிலிட்டரிசம் என்ற சொல்லுக்கு அகராதியைவிட நல்ல விளக்கம் அந்த மேயர்தான்.

ராணுவத்தில் இருந்தவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள் ஐயா. ஐந்து நட்சத்திர ஜெனரலாக இருந்து அமெரிக்க ஜனாதிபதியான ஐசன்ஹோவர், 1961 ஜனவரி 17 அன்று விடைபெறும் உரையில், ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்து அரசாங்கத்தில் வளர்க்கும் செல்வாக்கைப் பற்றித்தான் எச்சரித்தார்.

சரி, இரண்டாவது விஷயம், எங்கே போடலாம். நான் நம் ஊரிலேயே போடுவேன். பைபாஸ் பக்கம் இருக்கும் ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம், போர்டிலேயே 'மிலிட்டரி டிசிப்ளின்' என்று எழுதியிருக்கிறது. என் பேரன் அங்கே ஏழாவது படிக்கிறான். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, தலைமுடி நீளம் என்று விளையாட்டு வாத்தியார் பிரேயரில் வைத்தே கத்தரியால் முன்பக்கம் ஒரு கொத்து வெட்டிவிட்டார். பையன் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயும் தொப்பியைக் கழற்றவில்லை. கேட்கப் போனால், பெற்றோர்கள் இதைத்தானே விரும்புகிறார்கள் என்கிறார்கள். அது உண்மைதான், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சுபேதார் ஐயாவைக் கேட்டேன், முப்பது வருஷ சர்வீஸில் எங்கள் முடியை பார்பர்தான் வெட்டினார் என்றார். யானை வரும் பின்னே, மணியோசை...

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. தமிழில் எப்படிச் சொல்வது என்பதை இன்னொரு நாள் பேசுகிறேன். மனு டீ மேசையில் இருக்கிறது, கத்தரியை நிறுத்தச் சொல்லி. இதுவரை பதினோரு கையெழுத்து. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், யாரும் எடுத்துப் போய்விடாதீர்கள்.