‘கைவீசம்மா’வை நாலு தந்திக் கருவிகளுக்கு எழுதுவது எப்படி? செட்டிநாட்டு வளவில் ஒரு சிரிப்புக் கச்சேரி

[திரையில்: கானாடுகாத்தான் வீடொன்றின் வளவு, அதாவது திறந்த நடு முற்றம். இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஒரு செல்லோ (தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய கருவி).]

‘கைவீசம்மா கைவீசு’ என்று தாளம் போட்டுப் பாடிப் பாருங்கள். கை, வீ, சம், மா, கை, வீ, சு. ஏழு அட்சரம் போயிற்று, எட்டாவது காலி. இந்தப் பாட்டை வைத்துச் செய்யப்போகும் வேடிக்கையில் பாதி அந்தக் காலி இடத்தில் இருக்கிறது.

முதலில் ஒரு விதி. வாசிப்பவர்கள் சிரிக்கக் கூடாது, இசையும் கோமாளி வேஷம் கட்டக் கூடாது. ஃபியூக் (ஒரே கருவை ஒவ்வொரு கருவியும் அடுத்தடுத்து எடுத்து வாசிக்கும் மேற்கத்திய வடிவம்) எழுதினால் இலக்கணம் பிசகாத ஃபியூக்காகவே எழுதுங்கள். பாட்டு கேட்பவருக்கு மனப்பாடம். அடுத்து வரவேண்டியது தாமதித்து வரும்போதும், எதிர்பாராத கருவியில் வரும்போதும் தானாகச் சிரிப்பு வரும். வேண்டுமென்றே அபஸ்வரம் வாசித்தால் ஒரு தடவை சிரிப்பார்கள், அடுத்த தடவை காதைப் பொத்திக்கொள்வார்கள்.

அதனால் ஆச்சிக்கும் தெரிந்து, பேரனுக்கும் தெரிந்த பாட்டுதான் வேண்டும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்த ராயவரம் இந்த வட்டாரம்தான். இங்கே பாட்டுக்குப் பஞ்சமில்லை.

[திரையில்: கருவிகளின் தந்திகள், சுருதிப் பெயர்களுடன்.]

ஷட்ஜத்தை, அதாவது ‘ஸ’வை, மேற்கத்திய டி சுருதியில் வையுங்கள். நாலு கருவியிலும் டி, ஏ தந்திகள் திறந்த தந்திகள், நன்றாக ஒலிக்கும். கர்நாடக வயலின்காரர் சேர்வதானால் தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று கட்டியிருப்பார். அதை மேற்கத்திய முறையான ஜி-டி-ஏ-ஈ ஆக்கும் வேலையை முந்தின நாளே முடிக்க வேண்டும். புதிதாக ஏற்றிய தந்தி இறங்கிக்கொண்டே இருக்கும். கமகத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்வரத்தை ஒருவர் அசைத்தும் ஒருவர் நேராகவும் பிடித்தால் பிசிறடிக்கும்.

ஆரம்பம் கனமாக இருக்கட்டும். எட்டு பார் (பார் என்பது நாலு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று), நிமிடத்துக்கு 52 அடி, நாலு பேரும் வில்லை அழுத்தி, ஏதோ பெரும் சோகம் வருகிற மாதிரி. அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அதைத் தாண்டினால் முன்வரிசைப் பிள்ளைகள் தூணைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். சட்டென்று நிறுத்தி, முதல் வயலின் மட்டும் விரலால் சுண்டி, பாட்டை அப்படியே வாசிக்கட்டும். ஹங்கேரியின் தோனானி 1914-இல் பியானோவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய மாறுபாடுகளில் (ஒரே பாட்டை விதவிதமாக மாற்றி வாசிப்பது) இந்த உத்தியைத்தான் கையாண்டார். ஆர்க்கெஸ்ட்ரா இடி முழக்கம் செய்து ஓய்ந்ததும், பியானோ ஒரு நர்சரிப் பாட்டை ஒற்றை ஒற்றை ஸ்வரமாகத் தட்டும்.

அடுத்து ஃபியூக். முதல் இரண்டு வரிதான் கரு, இரண்டு பார். இரண்டாம் வயலின் டி-யில் தொடங்க, இரண்டு பார் கழித்து வியோலா அதே கருவை ஏ-யில் எடுக்கும். பிறகு முதல் வயலின். கடைசியாகச் செல்லோ, கீழ் ஸ்தாயியில், இரட்டிப்பு மெதுவாக. கருவை நீட்டி வாசிப்பது ஃபியூக்கில் முறையான உத்திதான், ஆனால் இந்தப் பாட்டில் அது யானை கைவீசி நடப்பது போலக் கேட்கும். பெரும்பாலும் கெட்டுப்போவதும் இங்கேதான். செல்லோ நுழையும்போது மற்ற மூவரும் உரக்க வாசித்துக்கொண்டிருப்பார்கள், வேடிக்கை அமுங்கிவிடும். கரு வைத்திருப்பவருக்கு மட்டும் ‘உரக்க’, மற்றவர்களுக்கு ‘மெல்ல’ என்று ஒவ்வொருவர் தாளிலும் எழுதிக் கொடுங்கள். கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டால் இந்தக் குறை தெரியாது.

பிறகு ஒரு சோகப் பகுதி. ‘க’வின் உயர்ந்த வடிவமான அந்தர காந்தாரத்தைத் தாழ்ந்த வடிவமான சாதாரண காந்தாரமாக்கி, தைவதத்தையும் (‘த’) நிஷாதத்தையும் (‘நி’) இறக்கினால் பாட்டு நடபைரவி ராகத்தின் ஸ்வரங்களுக்குள் வந்துவிடும். ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலர் தம் முதல் சிம்ஃபனியில் ஐரோப்பியக் குழந்தைப் பாட்டொன்றை இப்படித்தான் சவ ஊர்வலமாக்கினார். எட்டு பார் போதும். சின்னக் குழந்தைகளுக்கு இது நிஜமாகவே அழுகை மூட்டும்.

முடிவை ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனிடம் கற்கலாம். 1781-இல் அவர் எழுதிய ஒபஸ் 33 தொகுப்பின் இரண்டாம் குவார்ட்டெட் (நாலு கருவிப் படைப்பு) முடிந்தது போல நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். நம் பாட்டில் முதல் வரியை வாசித்து ஒரு பார் மௌனம். மறுபடி வரி, இரண்டு பார் மௌனம். மூன்றாவது முறை ‘கை வீ சம் மா கை வீ’ என்பதோடு வெட்டிவிடுங்கள். வில் தந்திக்கு மேலேயே நிற்க வேண்டும். கீழே இறக்கினால் உடனே கைதட்டுவார்கள், அந்த ‘சு’ அநாதையாகிவிடும். பிள்ளைகள் தாங்களே கத்தி நிரப்பினால் அதுவே முடிவு. இல்லையென்றால் நாலு பார் எண்ணி, வியோலா அந்த ‘சு’வை விரலால் ஒருமுறை சுண்டி வைக்கட்டும். எண்ணுவது ஒருவர் பொறுப்பு, முதல் வயலின்.

[திரையில்: வளவைச் சுற்றிய தாழ்வாரமான பத்தியில் நாலு நாற்காலி.]

இடம். வளவின் நடுவில் உட்கார்ந்தால் ஒலி மேலே போய்விடும், செல்லோ மெலிந்து கேட்கும். பத்தியின் கூரைக்குக் கீழ், சுவருக்கு முதுகு காட்டி உட்காருங்கள். மூடிய ஹாலில் பிரச்சினை நேர்மாறு. மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரும் தரையின் ஆத்தங்குடிக் கல்லும் ஒலியைத் திருப்பி அடித்து ஃபியூக்கைக் குழப்பும். அதன் வேகத்தை நிமிடத்துக்கு 100 அடியிலிருந்து 84-க்குக் குறைத்து, தரையில் ஜமக்காளம் விரியுங்கள். செல்லோவின் அடிமுள் ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கும், கீறலும் போடும். நாற்காலிக் காலில் மாட்டும் பட்டை ஒன்று வாங்கி, முள்ளை அதில் ஊன்றுங்கள். வெயில் நேரே விழும் இடத்தில் எந்தக் கருவியையும் வைக்காதீர்கள். மர ஒட்டு விட்டுவிடும். செட்டிநாட்டில் மாலை ஐந்தரைக்கு மேல் தொடங்குவதுதான் நல்லது.