பூண்டு ரொட்டியும் நம் ஊர்ச் சூடும்

வணக்கம் நேயர்களே.

"பூண்டு ரொட்டி வீட்டிலேயே செய்வேன்" என்று சொல்பவர்கள் நம்மில் நிறையப் பேர். விசாரித்தால், கடையில் வாங்கிய ரொட்டித் துண்டில் வெண்ணெயும் பூண்டுப் பொடியும் தடவிச் சூடு காட்டுவதாகத்தான் இருக்கும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை, அவசரத்துக்கு அதுவும் நல்ல பலகாரம்தான். ஆனால் இன்று எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில், மாவு பிசைவதிலிருந்தே தொடங்கிச் செய்யும் பூண்டு ரொட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். சின்னச் சின்ன உருண்டைகளாக ஒரே தட்டில் ஒட்டி வெந்து, பிய்த்தால் நூல் நூலாகப் பிரியும் அல்லவா, அந்த ரொட்டி.

சமூக மன்றத்தில் ரொட்டி வகுப்பு எடுக்கும்போது அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று உண்டு. "காணொளியில் சொன்ன மாதிரியேதான் செய்தேன். ஆனால் புளிச்ச வாடை வந்து, தட்டையாகப் போய்விட்டது." 2020-இல், ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்கக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அப்போது சிங்கப்பூரில் பாதிப் பேர் ரொட்டி சுட ஆரம்பித்தார்கள். கடைகளில் ஈஸ்ட் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. அந்தக் காலத்தில் ஆரம்பித்து, இரண்டு தடவை சொதப்பியதும் ஓவனைப் பாத்திரம் அடுக்கும் அலமாரியாக ஆக்கிவிட்டவர்களும் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்: உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தக் குறிப்பு குளிர் நாட்டுக்காரர் எழுதியது.

அங்கே அடுக்களையில் இருபது டிகிரி இருந்தாலே அதிகம். அதனால்தான் "வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், கதகதப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள்" என்று எழுதுகிறார்கள். நமக்கோ பகலில் 31 முதல் 33 டிகிரி. இரவிலும் 24, 25-க்குக் கீழே பெரும்பாலும் இறங்காது. காற்றில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 82 விழுக்காடு. பத்து டிகிரி கூடினால் ஈஸ்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வேலை செய்யும். அங்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் வேலை இங்கே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மீதி முக்கால் மணி நேரமும் ஈஸ்ட் சும்மா இருக்குமா? மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும். மாவு புளிக்கும், உள்ளே கட்டிய காற்றைத் தாங்க முடியாமல் தளர்ந்துவிடும். சர்க்கரை தீர்ந்துபோன மாவு ஓவனில் சிவக்காது, வெளிறிப்போய் நிற்கும்.

இது நமக்குத் தெரியாத பாடமா என்ன? இட்லி மாவு அரைத்து வைப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் மார்கழிக் குளிரில் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் மாவு பொங்கும். அதே மாவை இங்கே இரவு வெளியில் வைத்துவிட்டுத் தூங்கினால், காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையெல்லாம் வழிந்திருக்கும். அதனால்தான் நாம் இட்லி மாவுக்குக் கடிகாரம் பார்ப்பதில்லை, மாவைத்தான் பார்க்கிறோம். ரொட்டி மாவிடமும் அப்படியே நடந்துகொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி.

சரி, அளவுக்கு வருவோம். ஒன்பது உருண்டைகளுக்குச் சொல்கிறேன், 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் அடங்கும். ரொட்டி மாவு 300 கிராம். அதில் 20 கிராமைத் தனியாக எடுத்து, 100 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டுங்கள். 65 டிகிரி வந்ததும் கூழாகிவிடும், கரண்டி இழுத்த தடம் மறையாமல் நிற்கும். இறக்கி நன்றாக ஆறவிடுங்கள். இங்கே சீனர் ரொட்டிக் கடைகளில் விற்கும் மிருதுவான பன் வகைகளுக்குப் பல இடங்களில் இதைத்தான் செய்கிறார்கள், தாங்சோங் என்பார்கள். மாவிலுள்ள ஸ்டார்ச் சூட்டில் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால், ரொட்டி மறுநாளும் காய்ந்துபோகாது. அடிப்படையில் நாம் கஞ்சி காய்ச்சும் வேலைதான்.

மாவு வாங்கும்போது பொட்டலத்தின் பின்னால் பாருங்கள். நூறு கிராமுக்குப் புரதம் 12, 13 கிராம் இருந்தால் அது ரொட்டி மாவு. சாதாரண மைதாவில் 9, 10 கிராம் இருக்கும். அதிலும் செய்யலாம், ரொட்டி கொஞ்சம் கேக் பக்கம் சாயும். சப்பாத்தி ஆட்டா மட்டும் வேண்டாம். மாவுக்கு இழுவை கொடுக்கும் புரத இழைகளைக் குளூட்டன் என்பார்கள், ஆட்டாவிலுள்ள தவிடு அந்த இழைகளை அறுத்துவிடும். பேரங்காடிகளில் ரொட்டி மாவு கிடைக்கிறது, பேக்கிங் பொருள் விற்கும் புன் ஹுவாட் மாதிரிக் கடைகளிலும் கிடைக்கும்.

மீதி 280 கிராம் மாவில் சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி. பல குறிப்புகள் 7 கிராம் ஈஸ்ட் பொட்டலத்தை முழுசாகக் கொட்டச் சொல்லும். நம் சூட்டுக்கு அதில் பாதியே போதும். மீந்ததைக் காற்றுப் புகாத புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள், இந்த ஈரக் காற்றில் வெளியே வைத்தால் சீக்கிரம் செத்துவிடும். அப்புறம் ஆறின கூழ், 110 மில்லி பால். பாலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றுங்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை வெந்நீரில் கரைத்து எழுப்ப வேண்டிய அவசியமில்லை, நம் அடுக்களையில் அது தானாகவே எழுந்துவிடும். மிக்சரில் பிசைபவர்கள் கட்டாயம் குளிர்ந்த பாலையே ஊற்ற வேண்டும், ஏனென்றால் இயந்திரம் சுற்றச் சுற்ற உராய்விலேயே மாவு இன்னும் சில டிகிரி சூடேறும்.

எல்லாம் சேர்ந்ததும் உடனே மல்லுக்கட்ட வேண்டாம். மூடி இருபது நிமிடம் விடுங்கள். அந்த ஓய்விலேயே பாதிப் பிசைதல் நடந்துவிடும். பிறகு பத்து நிமிடம் கையால் பிசைந்து, கடைசியில் 30 கிராம் வெண்ணெயைச் சேருங்கள். வெண்ணெயை முதலிலேயே போட்டால் கொழுப்பு மாவைச் சுற்றிப் படிந்து, குளூட்டன் கட்டுவதைத் தாமதப்படுத்தும். வெண்ணெய் போட்டதும் மாவு பிசுபிசுவென்று கையெல்லாம் ஒட்டும். பயந்துபோய் மேலும் மாவைத் தூவாதீர்கள். ஐந்து நிமிடம் பொறுத்தால் அதுவே சேர்ந்துகொள்ளும். ஒரு துணுக்கை எடுத்து மெதுவாக விரித்தால், கிழியாமல் வெளிச்சம் தெரிகிற மெல்லிய ஏடாக வர வேண்டும். வந்தால் போதும், நிறுத்திவிடுங்கள்.

உருட்டிப் பாத்திரத்தில் வைத்து மூடும்போது, ஒரு சிட்டிகை மாவை எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குவளையின் அடியில் அமுக்கி, அதன் மட்டத்தில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு, பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். குவளை மாவு வளையத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு ஏறியதும் பெரிய மாவும் தயார். பிற்பகலில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் ஆகலாம். மழை பெய்து குளிர்ந்த நாளில் ஒரு மணி நேரம் ஆகலாம். படுக்கையறையில் குளிர்சாதனம் 25-இல் ஓடுகிறதா? மாவையும் உள்ளே கொண்டுபோய் வையுங்கள், நான் கேலிக்குச் சொல்லவில்லை. நேரமில்லாதவர்கள் இரவே பிசைந்து, மூடி, குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் உருட்டலாம். மெதுவாகப் புளித்த மாவுக்கு ருசியும் கூடுதல்.

இனிப் பூண்டு. இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

முழுப் பல்லை முகர்ந்து பாருங்கள், பெரிதாக வாடை இருக்காது. நசுக்கினால்தான் நெடி கிளம்பும். பல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருக்கும் அல்லியின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும், நசுங்கியதும் ஒன்றாகக் கலந்து அல்லிசின் உண்டாகிறது. பூண்டின் காரம் அதுதான். அது கிருமிகளோடு பூஞ்சையையும் ஒடுக்கும். ஈஸ்ட்டும் ஒரு வகைப் பூஞ்சைதானே. "வாசனை தூக்கலாக இருக்கட்டும்" என்று பச்சைப் பூண்டை நசுக்கி மாவில் போட்டால், ஈஸ்ட் சுணங்கிவிடும். போதாக்குறைக்கு, பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் குளூட்டனையும் தளர்த்தி, மாவை வழவழவென்று ஆக்கிவிடும். ஆகவே பச்சைப் பூண்டை மாவில் கலக்காதீர்கள். மேலே தூவிச் சுட்டாலும் சரிவராது. 180 டிகிரியில் இருபது நிமிடத்தில் அந்தச் சின்னத் துணுக்குகள் கருகிக் கசந்துவிடும்.

நான் செய்வது இப்படி. 60 கிராம் வெண்ணெய், எட்டுப் பல் பூண்டு பொடியாக நறுக்கியது. சந்தையில் கிடைக்கும் பெரிய சீனப் பூண்டுக் கணக்கு இது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு உங்களுக்குக் கிடைத்தால் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வீரியம் அதிகம். இருக்கிற தீயில் ஆகச் சின்னத் தீயில் வெண்ணெயை உருக்கிப் பூண்டைப் போடுங்கள். வெண்ணெயில் சுமார் 16 விழுக்காடு தண்ணீர். அது கொதித்து வற்றும்வரை சட்டியின் சூடு நூறு டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, பூண்டு சிவக்காமல் வெந்து இனிக்கும். சலசலப்பு அடங்கினால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம். அதற்குச் சற்று முன்பே அடுப்பை அணைத்துவிட வேண்டும், தாமதித்தால் நொடியில் சிவந்துவிடும். நெய்யில் செய்யலாமா என்று வகுப்பில் கேட்பார்கள். நெய்யில் தண்ணீரே கிடையாது, பூண்டு நேரடியாகப் பொரிய ஆரம்பிக்கும். நெய்மேல் ஆசையென்றால் சுட்டு எடுத்த பிறகு ஒரு கரண்டி தடவிக்கொள்ளுங்கள்.

வெந்ததை வடிகட்டுங்கள். வாசனை ஏறிய வெண்ணெய் தனி, பூண்டு தனி. வெண்ணெயைச் சுடுவதற்கு முன் தடவ வேண்டும். பூண்டில் உப்பும் நறுக்கிய கொத்தமல்லித் தழையும் கலந்து வைத்து, ரொட்டி வெளியே வந்த பிறகு பூச வேண்டும். பார்ஸ்லிதான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பூண்டை நறுக்கி எண்ணெயில் போட்டு, "தேவைப்படும்போது எடுத்துக்கலாம்" என்று சமையல் மேடையில் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. காற்றில்லாத, புளிப்பில்லாத அந்த எண்ணெய்க்குள் போட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம். வாடையிலோ நிறத்திலோ அது தெரியாது, உயிருக்கே ஆபத்தானது. நம் பூண்டு ஊறுகாய் வெளியே இருந்தும் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள புளிப்பும் உப்பும். பூண்டு எண்ணெய்க்கும் பூண்டு வெண்ணெய்க்கும் அந்தக் காவல் கிடையாது. குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள், இல்லையென்றால் உறையவைத்துவிடுங்கள்.

பூண்டே சேர்க்காத வீடுகளும் உண்டு. அவர்கள் கறிவேப்பிலையும் பொடித்த மிளகும் வெண்ணெயில் வதக்கிப் பூசலாம். அதைச் சாப்பிட்ட பிறகு பூண்டுக்குத் திரும்பாதவர்களும் எனக்குத் தெரியும்.

மிச்சம் சுருக்கம்தான். பொங்கிய மாவைத் தட்டிக் காற்றை இறக்கி ஒன்பதாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 60 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். உருட்டி, வெண்ணெய் தடவிய தட்டில் நடுவில் விரலளவு இடம் விட்டு அடுக்குங்கள். இரண்டாவது தடவை அரைமணி நேரம் பொங்கட்டும். விரலால் லேசாக அமுக்கினால் பள்ளம் மெதுவாகப் பாதி எழும்ப வேண்டும். வெடுக்கென்று முழுசாக எழும்பினால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். எழும்பவே இல்லையென்றால் தாமதமாகிவிட்டது, உடனே ஓவனில் வையுங்கள். முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரி, 18 முதல் 20 நிமிடம். வீவக அடுக்குமாடி வீட்டில் மேடைமேல் வைக்கிற சின்ன ஓவனில் மேல்கம்பி தட்டுக்கு மிக அருகில் இருப்பதால், ரொட்டியின் தலை சீக்கிரம் சிவக்கும். தட்டைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், தலை சிவந்ததும் மேலே அலுமினியத் தாளைப் போர்த்துங்கள். ஏர் ஃபிரையர் என்றால் 160 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், இரண்டு தவணையாக.

கொரியாவின் காங்னுங் நகரத்துப் பாணியில் க்ரீம் சீஸ் திணித்த இனிப்புப் பூண்டு ரொட்டியும் இங்கே பிரபலமாகி ஓடியது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்கு அது பலகாரக் கணக்கில் சேர்ந்தது. என் ஓட்டு ஆட்டுக்கறிக் குழம்புக்கு. மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்த ரொட்டிக்காரரிடம் வாங்கிக் கறிக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்ட தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சைவர்களுக்கு மிளகு ரசம், கொஞ்சம் கெட்டியாக.

மீந்தால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் ரொட்டி ஆக விரைவாக வரண்டு கடினமாகும். வெளியே வைத்தால் நம் ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். ஆறியதும் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டு, வேண்டும்போது 150 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம் சூடாக்கினால் போதும். குவளையும் ரப்பர் வளையமும் எதற்கென்று நடுவில் கேட்கத் தொடங்கியவர்களுக்குப் புரியாமல் போயிருக்கலாம். அந்தக் கேள்விகளை நிலையத்துக்கு அனுப்புங்கள், பதில் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.