சீண்டும் எழுத்து: கூர்மையும் விலையும்

(இதழியல் மாணவர்களும் பத்தி எழுதுவோரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

புறநானூற்றின் 95ஆம் பாட்டிலிருந்து தொடங்கலாம். ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். அதைப் பார்த்துவிட்டு ஔவை சொல்வது கொஞ்சம்தான். இங்குள்ள ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. பாட்டு முழுக்கத் தேடினாலும் ஒரு வசைச்சொல் அகப்படாது. "நீ போர்க்களம் பார்க்காதவன்" என்ற வரியும் அதில் இல்லை. ஆனால் தொண்டைமான் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

பழித்துச் சொல்லும் எழுத்துக்கு அங்கதம் என்று பெயர். தொல்காப்பியம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. நேரே தாக்குவது செம்பொருள் அங்கதம், பழியை உள்ளே ஒளித்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். நம்முடைய இன்றைய பத்திகளில் முதல் வகை கொட்டிக் கிடக்கிறது. இரண்டாவது வகைக்குப் பொறுமை வேண்டும் என்பதால் அந்தப் பக்கம் பலர் போவதில்லை.

துணிச்சலான நடை வாசகரை ஏன் இழுக்கிறது? அவர் மனத்தில் ஏற்கெனவே புழுங்கிக்கொண்டிருந்ததை ஒருவர் அச்சில் போட்டுவிடுகிறார். எழுதுபவர் எந்தப் பக்கம் என்று ஊகிக்க வேண்டியதில்லை. இதை எழுதுவதால் அவருக்கு ஏதோ நட்டம் வரக்கூடும் என்பதும் வாசகருக்குத் தெரிகிறது. என் கணிப்பில் இந்த மூன்றாவதுதான் பெரிய ஈர்ப்பு. பெரியார் 1925இல் ஈரோட்டில் தொடங்கிய 'குடி அரசு' இதழை எடுத்துப் படியுங்கள். அணி அலங்காரம் எதுவும் கிடையாது. மேடையில் பேசுவது போலவே ஒரு வாக்கியம் அடுத்ததை இழுத்துக்கொண்டு போகும். அத்தனை கடுமையாக எழுதிவிட்டு, நான் சொல்கிறேன் என்பதற்காக ஏற்காதீர்கள், நீங்களே யோசியுங்கள் என்று வாசகரிடமே தீர்ப்பை விட்டுவிடுவார். அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டுக் கடுமையை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் பின்னால் நிறையப் பேர் வந்தார்கள்.

சரி, விலைக்கு வருகிறேன். அதை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழ் 1906இல் சென்னையில் தொடங்கியது. சிவப்புத் தாள், கேலிச்சித்திரம், வெள்ளை அரசை நேரே சீண்டும் தலையங்கம். 1908இல் அரசு கை வைத்தபோது மாட்டியவர், சட்டக் காகிதத்தில் இதழுக்குப் பொறுப்பாளி என்று பெயர் பதிவாகியிருந்த எம். சீனிவாசன். அவருக்கு ஐந்து ஆண்டுச் சிறை. பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். பாரதியைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் சிறைக்குப் போயிருந்தால் புதுவையில் எழுதிய கவிதைகள் நமக்கு இருக்குமா என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் பாரதியைத் தெரிந்த அளவுக்குச் சீனிவாசனை நமக்குத் தெரியாது.

'குடி அரசு' கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். 1933 அக்டோபர் 29 இதழில் வந்த, இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும் என்று கேட்ட தலையங்கத்துக்காக ராஜத்துரோக வழக்கு வந்தது. எழுதிய பெரியாரோடு வெளியீட்டாளராக இருந்த அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை போனார். 1867ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டம் செய்த ஏற்பாடு அது: காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே முதற்பார்வைக்குப் பொறுப்பு. சட்டம் இன்று மாறிவிட்டாலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. நீங்கள் எழுதும் ஒரு வரிக்காக ஆசிரியரும் வெளியீட்டாளரும் சேர்ந்து நீதிமன்றப் படி ஏறுவார்கள். ஆகவே அந்த வரி அச்சுக்குப் போகும் முன் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறைத்து உள்ளே நுழைத்துவிட்டு அதைத் துணிச்சல் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருக்கும் இருவரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில் வருகிறது. யார் பெயரும் இல்லை, கட்சியும் இல்லை. அவதூறுச் சட்டத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் ஆபத்தில்லை என்றே எவரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் வந்தது சட்டமன்ற உரிமை மீறல், அதாவது பேரவையை அவமதித்ததாகப் பேரவையே எடுக்கும் நடவடிக்கை. ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். பேரவை அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு பெருகியதும் சில நாட்களிலேயே விடுதலை செய்தார்கள். பிற்பாடு உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனை தவறு என்று சொல்லி 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. சீண்டப்பட்டவர் எந்தக் கதவு வழியாக வருவார் என்று நம்மால் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இனி அவதூறுச் சட்டம். வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்து இதை நாம் படிப்பதே இல்லை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 499. அதன் முதல் வரைவைத் தயாரித்த குழுவின் தலைவர் மெக்காலே. அவரே ஆளைக் கிழிக்கும் விமர்சனங்கள் எழுதியவர். அதனால்தானோ என்னவோ, இந்தப் பிரிவின் எடுத்துக்காட்டுகள் எழுதுபவர்களுக்கான பாடமாகவே இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல், அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356ஆக அது தொடர்கிறது.

எது அவதூறாகாது என்று அந்தப் பிரிவு சொல்லும் விதிவிலக்குகளில் ஆறாவதைப் பாருங்கள். ஒருவருடைய நூல் முட்டாள்தனமானது, அதனால் அவர் பலவீனமான மனிதராக இருக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு சொன்னால் அது குற்றமில்லை. அவர் பலவீனமான மனிதர், ஒழுக்கம் கெட்டவர், ஆகவே அவர் நூல் இப்படி இருப்பதில் எனக்கு வியப்பில்லை என்று சொன்னால் பாதுகாப்பு போய்விடும். இரண்டிலும் ஏறக்குறைய அதே வசவு, மாறியிருப்பது திசை. முதலாவதில் பொதுவெளிக்கு வந்த செயலிலிருந்து ஆளுக்குப் போகிறோம். அதை வாசகரும் நூலைப் படித்துச் சரிபார்க்கலாம். இரண்டாவதில் ஆளைப் பற்றிய முடிவு முதலிலேயே தயாராகிவிட்டது. சட்டத்தை விட்டுத்தள்ளுங்கள், எழுத்தாகப் பார்த்தாலும் இரண்டாவது மட்டமானதுதான்.

கிண்டல் கவசமாகாது என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. "அவர் ரொம்ப நேர்மையானவர், அந்தக் கடிகாரத்தை அவர் திருடவே இல்லை" என்று, திருடினார் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு சொன்னால், அதுவும் அவதூறு. கடிகாரத்தோடு ஒருவர் ஓடுவதாகப் படம் வரைந்தாலும் அப்படித்தான். கார்ட்டூன் போடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைப்பின் கடைசியில் கேள்விக்குறி போடுவதோ, "கூறப்படுகிறது" என்று முடிப்பதோ உங்களைக் காப்பாற்றாது. பிறர் சொன்ன வதந்தியை அச்சிட்டால் வெளியிட்டவர் நீங்கள்தான்.

"உண்மையைத்தானே எழுதினேன்?" என்பது அடுத்த வாதம். இழப்பீடு கேட்கும் உரிமையியல் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் தப்பலாம். குற்ற வழக்கில் அது மட்டும் போதாது; அந்த உண்மையை வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். ஒருவரின் குடும்பச் சங்கதி உண்மையாகவே இருக்கலாம். அதை எழுதியதால் ஊருக்கு என்ன நன்மை என்று நீதிபதி கேட்டால் பதில் இருக்க வேண்டும். பதவியில் இருப்பவரின் பதவிச் செயல்களை எழுதும்போது இடம் அதிகம். 1994இல் நக்கீரன் இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களின் அடிப்படையில் எழுதுவதற்கும் அந்தத் தீர்ப்பு வழி விட்டது.

இதையெல்லாம் மேசையில் எப்படிச் செய்வது? கட்டுரைக்கு முன்னால் குற்றச்சாட்டை ஒரே வாக்கியத்தில், ஒரு அடைமொழியும் இல்லாமல் எழுதுங்கள். யார், என்ன செய்தார், எப்போது. அந்த வாக்கியம் சப்பென்று இருந்தால் உங்களிடம் விஷயமே இல்லை, கோபம் மட்டும்தான் இருக்கிறது. விஷயத்தைத் தேடிப் போங்கள்: தணிக்கை அறிக்கை, பேரவைக் குறிப்பு, நீதிமன்ற உத்தரவு, தகவல் உரிமைச் சட்ட மனு. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். காரமான பத்திக்கு முப்பது நாளா என்று முகம் சுளிக்காதீர்கள். கோப்பு எண்ணோடு வரும் ஒரு வரி பத்து வசவுகளின் வேலையைச் செய்யும்.

அடுத்து, எதிர்த் தரப்புக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால் வரவில்லை என்று எழுதுங்கள். வந்தால், அது உங்கள் வாதத்தைக் கெடுத்தாலும் போடுங்கள்.

எழுதி முடித்த பிறகு அடைமொழிகளை மட்டும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கட்டுரை நிற்கிறதா? நின்றால் இரண்டு மூன்றைத் திரும்பச் சேர்க்கலாம். கடுமையான வரி ஒரு பத்திக்கு ஒன்று போதும். ஆதாரம் சொன்னதற்கு அடுத்த வாக்கியம் அதற்கு நல்ல இடம். முதல் வரியிலேயே உச்சத்துக்குப் போனால் மீதிப் பக்கம் முழுக்கக் கத்த வேண்டிவரும், குழம்பில் உப்பு கூடினபின் எதைக் கொட்டினாலும் சரியாகாத மாதிரி. "அவன்", "இவன்" என்று இறங்காதீர்கள். "அமைச்சர் அவர்கள் மார்ச்சில் கையெழுத்திட்டார்கள், ஏப்ரலில் மறந்துவிட்டார்கள்" என்ற மரியாதைக்குள் இருக்கும் குத்து, ஒருமையில் வராது.

உருவம், சாதி, ஊனம், ஒரு பெண்ணின் உடை ஆகியவற்றைத் தொட்டுச் சிரிக்க வைப்பது நம் மேடைகளில் நெடுநாள் வழக்கம். அதில் துணிச்சலே கிடையாது, ஏனென்றால் அவை எதிரில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டிய செயல்களே அல்ல. பட்டியல் சாதியினர் மீதான இழிசொல்லுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

இன்னொரு ஆபத்து எழுதுபவருக்கு உள்ளேயே வளர்வது. போன வாரம் ஒரு அதிகாரியைத் தாக்கினீர்கள், கைதட்டல் வந்தது. இந்த வாரம் அதைவிடப் பெரிய ஆள் வேண்டும். கிடைக்காவிட்டால் சின்ன ஆளைப் பெரிய வார்த்தையால் அடிப்பீர்கள். சில மாதத்தில் எந்த விஷயத்துக்கும் ஒரே சுருதி வந்துவிடும். ஒரு நூலைப் பாராட்ட நினைத்தாலும் யாரையாவது திட்டித்தான் பாராட்ட வரும். இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். யாரையும் தாக்காத கட்டுரைகளையும் ஒழுங்காக எழுதிக்கொண்டிருங்கள்: ஓர் ஊரின் குடிநீர்க் கணக்கு, ஒரு சட்டத்தின் விளக்கம். அப்படிப்பட்டவர் என்றாவது ஒருநாள் கோபப்பட்டால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

கடைசியாக, வக்கீல் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? கட்டுரையின் நடையில் பதில் எழுதாதீர்கள். பதிலை வழக்கறிஞர் எழுதட்டும். எதையும் அழிக்காதீர்கள், திருத்திய பிரதிகளையும் சேர்த்து வையுங்கள். தகவல் தவறு என்று உங்களுக்கே தெரிந்தால், அதே பக்கத்தில், அதே அளவில், கிண்டல் இல்லாமல் திருத்தம் போடுங்கள். அவதூறுக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட ஓராண்டுக் கெடு. குற்ற வழக்குக்கு மூன்று ஆண்டு. ஆகவே குறிப்பேடு, ஒலிப்பதிவு, அனுப்பிய கேள்விகள், வந்த பதில்கள் எல்லாவற்றையும் கட்டுரை வெளியான தேதி எழுதிய ஒரே உறையில் போட்டு, குறைந்தது மூன்று ஆண்டாவது பத்திரமாக வைத்திருங்கள்.